ஓட்டோ கியர்க் கெப் வண்டி பழுதுற்றாற் செய்யவேண்டியவை

விளைந்த பொருளைக் கெடாமற் சந்தைக்குச் சேர்த்தல் கமத்தொழிலிற் பாதி வேலையாகும். லுணுகலைப் பகுதியில் இப்பாதி மற்றைப் பாதியிலும் கடினமானது. பேராதனையிலிருந்து நுவரெலியா, பதுளை, பசறை, லுணுகலை, பிபிலை வழியாகச் செங்கலடிவரை செல்லும் ஏ-5 வீதியே இங்குள்ளாருக்குப் பெருவழி. மேலே பசறையை நோக்கிச் சென்றாலும், கீழே பிபிலையை நோக்கி இறங்கினாலும், வளைவும் ஏற்றமும் இறக்கமும் ஓய்வதில்லை. 2021ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் லுணுகலையிலிருந்து கொழும்புக்குப் புறப்பட்ட பேருந்தொன்று பசறை 13ஆம் கட்டைப் பகுதியிற் பள்ளத்தில் வீழ்ந்து பத்துக்கும் மேற்பட்டோர் மாண்டதை இவ்வூரார் மறந்திலர். போஞ்சி, கறிமிளகாய், தக்காளி, கோவா முதலியன பதுளைக்கோ, பண்டாரவளைக்கோ, கெப்பெட்டிப்பொலைப் பொருளாதார மத்திய நிலையத்திற்கோ செல்லவேண்டுமாயின் இவ்வீதியைக் கடந்தே தீரவேண்டும்.

இச்சுமைகளை ஏற்றுவதற்குச் சிறு கமக்காரர் பலர் பழைய கெப் வண்டிகளை வைத்திருக்கின்றனர். அவற்றுட் சில ஓட்டோ கியர் பொருத்தப்பட்டவை. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. 2022ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி நெருக்கடியில் உதிரிப்பாகங்களும் அருமையாயின. தனியார் வாகனங்களை இறக்குமதி செய்வதற்கு 2025 பெப்ரவரியிலேயே மீண்டும் இடமளிக்கப்பட்டது. இடைப்பட்ட ஏறக்குறைய ஐந்தாண்டுக் காலத்தில் வண்டி வாங்க வேண்டியிருந்தவர், சந்தையில் இருந்ததையே அதிக விலை கொடுத்து வாங்கினர். கியர் கையாற் போடுவதா, தானே மாறுவதா என்று பார்த்துத் தெரிவு செய்யும் நிலைமை அப்பொழுது இருக்கவில்லை.

இத்தகைய வண்டியின் கியர் ஒருநாட் பிடிக்காது போனால், அன்று பறித்த போஞ்சி அன்றே வாடத் தொடங்கும். வாடகை லொறி கிடைப்பினும் இலாபம் வாடகையிற் போய்விடும். லீசிங் தவணையோ மாதந் தவறாது வந்துகொண்டிருக்கும். இந்நெருக்கடியில், "கியர்ப் பெட்டி முடிந்துவிட்டது, வேறு போடவேண்டும்" என்று ஒருவர் கூறும் முதற் சொல்லையே நம்பிப் பெரும் பணத்தைச் செலவிடுதல் பலருக்கும் நேர்கின்றது. செலவிட்ட சில மாதங்களில் அதே பழுது திரும்பி வருதலும் உண்டு. பெட்டி கெட்டதற்குரிய காரணத்தை நீக்காமற் பெட்டியை மட்டும் மாற்றினால், மாற்றிய பெட்டியும் அதே காரணத்தாற் கெடும் என்பதைக் கமக்காரர் முதலில் மனத்திற் கொள்ளல் வேண்டும்.

ஓட்டோ கியர் இயங்கும் விதம்

லாண்ட் மாஸ்டர் என்று வழங்கும் இருசில்லு உழவியந்திரத்தை ஓட்டிப் பழகியவருக்குக் கிளச்சு என்பது கை அறிந்த பொருள். பிடித்தால் எஞ்சினுக்கும் சில்லுக்கும் தொடர்பு அறும். விட்டால் தொடர்பு உண்டாகும். ஓட்டோ கியரில் இவ்விடத்தில் நிற்பது எண்ணெய். இரண்டு காற்றாடிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை ஓட்டினால், அதிலிருந்து வரும் காற்றினால் மற்றதும் சுழலுமன்றோ? அதுபோலவே, எண்ணெய் நிரம்பிய ஒரு மூடிய உருண்டையினுள் இரண்டு விசிறிகள் எதிரெதிரே உள்ளன. எஞ்சின் ஒன்றைச் சுழற்ற, எண்ணெய் பாய்ந்து மற்றதைத் தள்ளுகின்றது. இவ்வுருண்டைக்கு டோர்க் கன்வேட்டர் என்று பெயர்.

அதன் பின்னால் உள்ள பெட்டியிற் பற்சில்லுத் தொகுதிகளும், எண்ணெயில் நனைந்த உராய்வுத் தட்டுகளும் இருக்கின்றன. எந்தத் தட்டுக்கூட்டம் இறுகுகின்றதோ அதற்கேற்ற கியர் விழும். தட்டுகளை இறுக்குவதும் எண்ணெயின் அழுத்தமே. அவ்வழுத்தத்தை எப்பொழுது, எங்கே அனுப்புவது என்பதைத் தீர்மானிப்பது பெட்டியின் அடியிலுள்ள வால்வுத் தொகுதி. பழைய வண்டிகளில் இவ்வேலை கம்பிவடத்தினாலும் சுருள்வில்லினாலும் நடைபெற்றது. பின்வந்தவற்றில் மின்வால்வுகளும் சிறு கணினியும் அதனைச் செய்கின்றன. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸ் நிறுவனம் 1939ஆம் ஆண்டில் அறிமுகஞ் செய்த ஹைட்ரா-மெற்றிக் என்னும் அமைப்பே பெருந்தொகையாக உற்பத்தி செய்யப்பட்ட முதல் ஓட்டோ கியர் எனலாம். யப்பானில் இப்பெட்டிகளைச் செய்வதற்கென்றே ஐசின்-வோர்னர் நிறுவனம் 1969இலும், ஜட்கோ நிறுவனம் 1970இலும் தொடங்கப்பட்டன. நம் வீதிகளில் ஓடும் யப்பானிய வண்டிகள் பலவற்றின் கியர்ப் பெட்டிகள் இவ்விரு நிறுவனங்களுட் பிறந்தவையே.

ஆகவே, ஓட்டோ கியரில் எண்ணெய்க்கு நான்கு வேலை உண்டு. வலுவைக் கடத்துதல், தட்டுகளை இறுக்குதல், உராய்வைத் தணித்தல், சூட்டை வெளியே கொண்டுசெல்லுதல் என்பன அவை. கைக் கியர்ப் பெட்டியில் எண்ணெய் சற்றுக் குறைந்தாலும் வண்டி ஓடும். ஓட்டோ கியரில் எண்ணெய் குறைந்தால் வண்டியே நகராது.

மலையும் சூடும்

கன்வேட்டரின் ஒரு விசிறி வேகமாகவும் மற்றது மெதுவாகவும் சுழலும்போது, இடையிற் கழியும் வலு முழுவதும் சூடாக மாறி எண்ணெயிற் சேர்கின்றது. சமதரையில் நல்ல வேகத்தில் ஓடும்போது கன்வேட்டரினுள் இருக்கும் ஒரு பூட்டுத் தட்டு இரு விசிறிகளையும் ஒன்றாகப் பிணைத்துவிடும், சூடு குறையும். மலைப்பாதையிலோ வண்டி அவ்வேகத்தை எட்டுவதேயில்லை. சுமையுடன் வளைவில் ஊர்ந்து, நின்று, மீண்டும் ஏறும்போது எண்ணெய் தொடர்ந்து சூடேறுகின்றது. கொழும்பிற் பல ஆண்டுகள் குறையின்றி ஓடிய கெப் வண்டி, லுணுகலைக்கு வந்து ஓராண்டில் நோய் காட்டுவதற்கு இதுவே காரணம். வாங்கியவர் ஏமாற்றப்பட்டார் என்று எப்பொழுதும் கொள்ளவேண்டியதில்லை.

இவ்வெண்ணெய்க்கு உகந்த வெப்பநிலை ஏறக்குறைய 80 முதல் 95 பாகை செல்சியஸ் வரையாகும். அதற்குமேல் ஒவ்வொரு 10 பாகை ஏறும்போதும் எண்ணெயின் ஆயுள் பாதியாகக் குறையும் என்பது இத்தொழிலில் உள்ளோரின் பொதுக் கணக்கு. 120 பாகையைத் தாண்டினால் எண்ணெய் பசைபோலப் படியத் தொடங்கும். இரப்பர் வளையங்கள் இறுகி வெடிக்கும். 150 பாகையை நெருங்கினால் உராய்வுத் தட்டுகள் கருகும். சேற்று வயலோரத்திற் சில்லுப் புதைந்தபோது, முன்னும் பின்னுமாகக் கியரை மாற்றி மாற்றி முடுக்குவோர் இந்நிலையைச் சில நிமிடங்களிலேயே உண்டாக்கிவிடுகின்றனர். அறுவடைக் காலத்தில் நெல் ஏற்றச் செல்வோர் இதனைச் சிறப்பாகக் கவனிக்கவேண்டும். அங்கே சில்லின்கீழ்ப் பலகையிட்டு, ஆள் தள்ளி, மெதுவாக வெளிக்கொணர்வதே சிக்கனமானது.

நோயின் குறிகள்

காலையில் முதன்முறை கியர் போட்டதும் வண்டி உடனே பற்றாமல் இரண்டு மூன்று செக்கன் தாமதித்துப் பற்றுதல், ஏற்றத்தில் எஞ்சின் இரைச்சல் உயர்ந்தும் வேகம் உயராதிருத்தல், கியர் மாறும்போது உதைத்தல், பின்னோக்கிச் செல்லாதிருத்தல், எண்ணெயிற் கருகிய நாற்றம் வருதல் ஆகியன பெட்டியினுள் தேய்வு உண்டாயிற்று என்பதற்குரிய குறிகள். முதலிற் கூறிய தாமதம் மிகச் சிறியதாகையால் பலர் அதைப் பொருட்படுத்துவதில்லை. அந்நிலையிலேயே காட்டினாற் சிறு செலவோடு முடியக்கூடியது, ஏற்றத்தில் நின்றுபோகும்வரை விட்டாற் பெருஞ் செலவாகின்றது.

திடீரென்று வண்டி ஒரே கியரில் நின்றுவிட்டு, மெதுவாக மட்டும் ஓடுமாயின், அது பெட்டி உடைந்ததற்கு அறிகுறி அன்று. கணினி ஏதோ ஒரு தவறைக் கண்டு, மேலும் கேடு வராதபடி தன்னைக் காத்துக்கொள்ளும் நிலை அது. பெரும்பாலும் ஓ.டி. ஒப் விளக்கோ எஞ்சின் விளக்கோ கண்சிமிட்டும். வேகமானி உணரி, மின்வால்வு, நீர்புகுந்த கம்பி இணைப்பு, வலுக்குறைந்த பற்றரி என்பவற்றுள் ஒன்று காரணமாயிருக்கலாம். தவறின் இலக்கத்தைக் கருவிகொண்டு வாசிக்காமல் இத்தகைய வண்டியின் கியர்ப் பெட்டியைக் கழற்ற எவரையும் அனுமதிக்கலாகாது. கருவியில்லாத வேலைத்தலமாயின் கருவியுள்ள இடத்திற்குக் கொண்டுசெல்லுக.

முதலிற் பார்க்கவேண்டியது எண்ணெய்

எண்ணெயைப் பார்ப்பதற்கு வண்டியைச் சமதரையில் நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்து, சில்லுக்குக் கல் வைத்து, பத்துக் கிலோமீற்றரளவு ஓடிச் சூடேறிய நிலையில், எஞ்சினை ஓடவிட்டுக்கொண்டே அளவுகோலை எடுத்துப் பார்த்தல் வேண்டும். எஞ்சினை நிறுத்திவிட்டு எண்ணெய் பார்க்கச் சொல்லும் வண்டிகளும் சில உண்டாகையால், வண்டியின் கைந்நூலில் உள்ளபடி செய்க. அளவுகோலே இல்லாத வண்டிகளும் இப்பொழுது உள. அவற்றில் அடியிலுள்ள ஆணியைக் கழற்றி, குறித்த வெப்பநிலையிற் பார்க்கவேண்டியிருப்பதால் அவ்வேலையை அறிந்தவரிடம் விடுக.

இவ்வெண்ணெய் எரிந்து குறைவதில்லை. எனவே மட்டம் குறைந்திருந்தால் எங்கோ கசிகின்றது என்பது உறுதி. கசிவை அடைத்து, உரிய எண்ணெயை ஊற்றியதும் வண்டி முன்போல ஓடுவதும் உண்டு. இலட்சக்கணக்கிற் செலவு கூறப்பட்ட வண்டி சில லீற்றர் எண்ணெயுடன் திருந்துவது இவ்வாறே. நல்ல எண்ணெய் சிவந்து தெளிவாக இருக்கும். பழுப்பானால் மாற்றும் காலம் வந்துவிட்டது. கறுத்து நாற்றமடித்தால் தட்டுகள் கருகியுள்ளன.

எந்த எண்ணெய் என்பதிற் கவனம் வேண்டும். டொயோட்டாவிற் பழைய வகைகளுக்கு டி-4, பின்வந்தவற்றுக்கு டபிள்யூ.எஸ்.; மிட்சுபிஷிக்கு எஸ்.பி.-3; நிசானுக்கு மெற்றிக் என்று ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு வகை குறிக்கப்பட்டுள்ளது. சிவப்பாயிருப்பதெல்லாம் ஒன்றென்று கடைக்காரர் கூறுவதை ஏற்றல் ஆகாது. தட்டுகளின் பிடிப்பு எண்ணெயின் தன்மையைப் பொறுத்தது; வகை மாறினாற் கியர் நடுங்கும் அல்லது வழுக்கும்.

"பழைய எண்ணெயை மாற்றினாற் கியர் போய்விடும், மாற்றாதே" என்றொரு சொல் வேலைத்தலங்களில் வழங்குகின்றது. இதில் உண்மை கொஞ்சமே உண்டு. தட்டுகள் முன்னமே தேய்ந்து முடியும் தறுவாயில் எண்ணெயை மாற்றுவர். சில நாட்களிற் பெட்டி நிற்கும். பழி புதிய எண்ணெயின்மேல் விழும். தேயாத பெட்டிக்குப் புதிய எண்ணெய் ஒருபோதும் தீங்கு செய்யாது. எனினும் இயந்திரங்கொண்டு அழுத்தி முழுவதையும் கழுவுவதைவிட, தொட்டியிலிருந்து வடியும் அளவை வடித்து அதே அளவு புதியதை ஊற்றி, சில நூறு கிலோமீற்றர் ஓடியபின் மறுமுறையும் அவ்வாறே செய்வது பழைய வண்டிக்கு ஏற்றது. ஒருமுறை வடித்தால் வெளிவருவது மொத்த எண்ணெயிற் பாதிக்கும் குறைவே. எஞ்சியது கன்வேட்டரினுள் இருக்கும்.

தொட்டியைக் கழற்றும்போது அதன் அடியிலுள்ள காந்தங்களை உரிமையாளர் தாமே பார்த்தல் நன்று. சாம்பல்நிறக் குழம்புபோலச் சிறிது படிந்திருந்தால் அது இயல்பான தேய்வு. மினுங்கும் உலோகச் சிராய்களோ, கறுத்த தட்டுத் துண்டுகளோ கிடந்தாற் பெட்டியைத் திறந்தே ஆகவேண்டும்.

ரேடியேட்டரினால் வரும் கேடு

மலைநாட்டுக் கமக்காரர் பலர் அறியாத கேடு ஒன்றுண்டு. கியர் எண்ணெயைக் குளிர்விக்கும் குழாய் பெரும்பாலான வண்டிகளில் ரேடியேட்டரின் உள்ளேயே பதிக்கப்பட்டிருக்கின்றது. ஒருபுறம் எஞ்சினின் நீர், மறுபுறம் கியர் எண்ணெய். இடையில் ஒரு மெல்லிய உலோகச் சுவர் மட்டுமே. துருத்தடுப்புத் திரவத்தை விட்டு ஓடைநீரை ஊற்றிவரும் வண்டியில் அச்சுவர் அரிக்கப்படும். ஓட்டை விழுந்ததும் நீர் கியர்ப் பெட்டியினுட் புகும். நீர் பட்டால் உராய்வுத் தட்டின் மேற்பரப்பு ஊறி, பசை விட்டு, தோல்போல உரிந்துவிடும். அதன்பின் அப்பெட்டியைக் காப்பாற்றுதல் அரிது.

இதன் அறிகுறி எளிது. அளவுகோலில் எண்ணெய் பால் கலந்த ரோசா நிறமாக நுரைத்திருக்கும். ரேடியேட்டர் மூடியைத் திறந்தால் அங்கும் கொழுப்புப் போன்ற படலம் மிதக்கும். எஞ்சின் ஆறிய பின்னரே மூடியைத் திறக்கவேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. அமெரிக்காவில் 2005 முதல் 2010 வரை விற்கப்பட்ட நிசான் பிரொன்டியர், பாத்பைன்டர், எக்ஸ்டெரா வண்டிகளில் இக்கேடு பரவலாகத் தோன்றியதால், அந்நிறுவனம் ரேடியேட்டருக்குரிய உத்தரவாதக் காலத்தை நீட்டவேண்டி வந்தது. அதே குடும்பத்து நவாரா வண்டி வைத்திருப்போர் ரேடியேட்டரைச் சோதித்துக்கொள்வது நன்று. வேறு வண்டிகளிலும் பதினைந்து ஆண்டு கடந்த ரேடியேட்டரை நம்பியிருத்தல் கூடாது.

நிறம் மாறியதைக் கண்டால் எஞ்சினை அக்கணமே நிறுத்துக. "சந்தைக்குப் போய்விட்டு வந்து பார்ப்போம்" என்ற எண்ணம் இங்கே மிகவும் விலையுயர்ந்தது.

நின்றுபோன வண்டியை இழுத்தல்

வழியில் நின்ற வண்டியை உழவியந்திரத்திலோ லொறியிலோ கயிறுகட்டி இழுத்துவருவது ஊர் வழக்கம். கைக் கியர் வண்டிக்கு இதனாற் கேடில்லை. ஓட்டோ கியரின் எண்ணெய்ப் பம்பி எஞ்சினால் மட்டுமே இயங்குவது. எஞ்சின் நின்றிருக்கப் பின்சில்லுகள் உருளுமாயின், பெட்டியின் உட்பாகங்கள் எண்ணெயின்றிச் சுழன்று உராயும். பசறையிலிருந்து லுணுகலைவரை இவ்வாறு இழுத்தால், சிறு பழுதுடன் நின்ற பெட்டி முழுதும் கெட்டு ஊர்வந்து சேரும். வண்டியை வேறொரு வாகனத்தின்மேல் ஏற்றிக் கொண்டுவருக. இயலாதாயின், பின்சில்லுகளுக்குச் செல்லும் புரொப்பெல்லர் தண்டைக் கழற்றிவிட்டு இழுக்குக. நான்கு சில்லும் இழுக்கும் வண்டியாயின் முன் தண்டையும் கழற்றவேண்டும். தள்ளி எஞ்சினை இயக்கும் முயற்சியும் இவ்வண்டியிற் பயன்தராது.

திருத்துவதா, மாற்றுவதா?

எண்ணெயும் மின்னிணைப்பும் குற்றமற்றவை, பழுது பெட்டியினுள்ளேதான் என்று உறுதியான பின்னர் இக்கேள்வி எழுகின்றது. வால்வுத் தொகுதியோ, ஒரு மின்வால்வோ, வெளி வளையமோ பழுதாயின் பெட்டியை இறக்காமலே திருத்தலாம். தட்டுகள் கருகியிருந்தால் மூன்று வழிகள் உண்டு: பெட்டியை முழுதும் பிரித்துத் தட்டு, வளையம், வடிகட்டி எல்லாம் புதிதாக இடுதல், பாவித்த வேறு பெட்டியை வாங்கிப் பொருத்துதல், கைக் கியருக்கு மாற்றுதல்.

செலவை ரூபாவில் மட்டும் பார்க்காமல், எத்தனை நடையில் அது மீளும் என்று கணக்கிடுதல் கமக்காரருக்கு ஏற்றது. எடுத்துக்காட்டாக, பழுதுக்கு 3,00,000 ரூபா செலவாகும் என்றும், சந்தைக்கு ஒரு நடைக்கு வாடகை லொறி 12,000 ரூபா கேட்கின்றது என்றும், சொந்த வண்டியில் எரிபொருளும் தேய்வும் 5,000 ரூபா என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு நடையில் மிஞ்சுவது 7,000 ரூபா. பழுதின் செலவு மீள ஏறக்குறைய 43 நடை வேண்டும். போஞ்சி பறிப்பு ஐந்து கிழமை நீடித்து, கிழமைக்கு இருமுறை சந்தைக்குச் சென்றால் ஒரு போகத்திற்குப் பத்து நடை. ஆண்டிற்கு மூன்று போகமாயின் முப்பது நடை. ஆக, செலவு மீள ஒன்றரை ஆண்டுக்குச் சற்றுக் குறையச் செல்லும். திருத்திய பெட்டி அவ்வளவு காலம் ஓடும் என்று திருத்துபவர் எழுதித் தருவாராயின் திருத்துக. மூன்று மாத உத்தரவாதமே தருவாராயின், அவ்வண்டியை உள்ளபடி விற்றுவிட்டு, அடுத்த போகத்தை வாடகை லொறியுடனோ, அயலார் இருவர் மூவருடன் சேர்ந்து ஏற்றியோ முடிப்பது நட்டத்தைக் குறைக்கும். இங்கே கூறிய தொகைகள் கணக்கு விளங்குவதற்காக மட்டுமே. ஒவ்வொருவரும் தம் தொகைகளை இட்டுப் பார்க்கவேண்டும்.

கைக் கியருக்கு மாற்றுதலை வேலைத்தலத்தார் சிலர் உடனே சிபாரிசு செய்வர். மலைப்பாதைக்கு அது தகுந்ததே. ஆயின் கியர்ப் பெட்டியுடன் எஞ்சின் சக்கரம், கிளச்சு, மிதி, தாங்கி, அளவொத்த புரொப்பெல்லர் தண்டு ஆகிய அனைத்தும் ஒரே வகை வண்டியிலிருந்து கிடைக்கவேண்டும். ஒவ்வொன்றையும் ஒவ்வோரிடத்தில் வாங்கிச் சேர்க்கப் புகுந்தால் வேலை முடியாது. கணினியால் இயங்கும் புதிய எஞ்சினாயின் இவ்வழியை நாடாமலிருப்பதே மேல்.

பாவித்த பெட்டியை வாங்கும்போது

கொழும்பு மருதானையை அடுத்த பஞ்சிகாவத்தையில் யப்பானிய வண்டிகளிலிருந்து கழற்றிய பெட்டிகள் விற்கப்படுவதை யாவரும் அறிவர். அங்கு செல்லுமுன் வண்டியின் தகட்டிலுள்ள மாதிரி இலக்கத்தையும், கியர்ப் பெட்டியின் குறியையும் எழுதி, படமும் எடுத்துச் செல்லுக. ஒரே பெயருள்ள கெப் வண்டியாயினும் இருசில்லு இழுப்புக்கும் நாற்சில்லு இழுப்புக்கும் பெட்டியின் வாற்பகுதி வேறுபடும். எஞ்சினுக்கேற்ப முன்முகமும் வேறுபடும். ஏறக்குறையப் பொருந்தும் என்ற சொல்லை நம்பி லுணுகலைவரை கொண்டுவந்தபின் திருப்பிக் கொடுத்தல் எளிதன்று.

பெட்டியில் எஞ்சியிருக்கும் எண்ணெயை வெள்ளைத் துணியிற் துடைத்துப் பார்க்க. தொட்டியைக் கழற்றிக் காட்டச் சொல்லுக. மறுக்கும் வியாபாரியிடம் வாங்கவேண்டாம். கன்வேட்டரையும் பெட்டியுடன் சேர்த்தே வாங்குதல் வேண்டும். பழைய கன்வேட்டரினுள் கருகிய தூள் தேங்கியிருக்கும். அதைக் கழுவி எடுத்தல் இயலாது. உத்தரவாதத்தை வாய்ச்சொல்லாக அன்றிப் பற்றுச்சீட்டிலேயே எழுதுவித்துக்கொள்க.

பொருத்தும்போது கவனிக்கவேண்டியவை

இவ்வேலையை உரிமையாளர் தாமே செய்யாவிடினும் அருகிருந்து பார்ப்பது தவறாகாது. பெட்டியின் பாரம் ஓராளின் எடைக்குக் குறையாது. ஜக்கை மட்டும் நம்பி வண்டியின்கீழ் எவரும் படுத்தலாகாது. உறுதியான தாங்கிகள் நான்கு வேண்டும்.

பொருத்துவதில் அடிக்கடி நேரும் தவறு கன்வேட்டரைப் பற்றியது. அதனைப் பெட்டியின் முன்தண்டில் ஏற்றி மெதுவாகச் சுழற்றினால், படிப்படியாக உள்ளே விழுந்து பம்பியின் பற்களிற் பொருந்தும். கடைசிப் படி விழாமல் எஞ்சினுடன் சேர்த்து ஆணியை இறுக்கினால் பம்பி உடைந்துவிடும். இலட்சங்கள் கொடுத்து வாங்கிய பெட்டி ஓடாமலே கெடுவது இவ்வாறே. சரியாகப் பொருந்திய கன்வேட்டருக்கும் எஞ்சினின் தகட்டுக்கும் இடையே சில மில்லிமீற்றர் இடைவெளி இருக்கும்; கன்வேட்டரைக் கையாற் சுழற்றவும் இயலும். இவ்விரண்டையும் காட்டிய பின்னரே இறுக்கச் சொல்லுக.

அடுத்தது குளிர்விக்கும் குழாய்கள். பழைய பெட்டியின் தூளும் சிராயும் அவற்றில் தங்கியிருக்கும். கழுவாது விட்டால் முதல் நாளிலேயே புதிய பெட்டியினுட் சேரும். இருபுறமிருந்தும் கழுவி, காற்றடித்து உலர்த்துதல் வேண்டும். பழைய பெட்டி நீர் புகுந்து கெட்டதாயின் ரேடியேட்டரை மாற்றியே ஆகவேண்டும். அல்லது ரேடியேட்டரினூடு எண்ணெய் செல்வதை முற்றாக நிறுத்தி, அதன் முன்னாற் காற்றுப்படும்படி தனிக் குளிராக்கி ஒன்றைப் பொருத்தவேண்டும். மலைப்பாதையிற் சுமையேற்றும் எந்த ஓட்டோ கியர் வண்டிக்கும் இத்தனிக் குளிராக்கி கொடுத்த விலைக்கு மேற் பயன்தருவது. பழுது வருமுன் பொருத்தினால் இன்னும் நன்று.

எஞ்சினை இயக்குமுன் நான்கு லீற்றரளவு எண்ணெய் ஊற்றி, இயக்கியபின் சிறிது சிறிதாக மட்டத்துக்குக் கொணர்க. குளிராக்கியிலிருந்து திரும்பும் குழாயை ஒரு போத்தலிற் பிடித்துப் பார்த்தால், ஏறக்குறைய அரை நிமிடத்தில் ஒரு லீற்றர் வரவேண்டும். குறைந்தால் எங்கோ அடைப்புண்டு.

பாதையில் ஓட்டும் முறை

ஏற்றத்தில் ஓவர்டிரைவ் பொத்தானை நிறுத்திவைக்க. கியர் மேலும் கீழுமாகத் தடுமாறுவது அதனால் நின்று சூடு குறையும். செங்குத்தான இடத்தில் நெம்பை இரண்டிலோ எல் என்ற இடத்திலோ வைத்து ஏறுக. இறக்கத்திலும் அவ்வாறே, டி-யில் விட்டுப் பிரேக்கை மட்டும் மிதித்து இறங்கினாற் பிரேக்குச் சூடேறிப் பிடிக்காது போகும். ஏற்றத்தில் எதிர்வண்டிக்கு இடம்விட்டு நிற்கும்போது முடுக்கியை மிதித்து வண்டியைத் தாங்கி நிறுத்துதல் வேண்டாம், கைப்பிரேக்கை இழுக்குக. நீண்ட ஏற்றம் முடிந்ததும் எஞ்சினை உடனே அணைக்காமல் நெம்பை என் என்ற இடத்தில் வைத்து இரண்டொரு நிமிடம் ஓடவிட்டாற் குளிராக்கி எண்ணெயை ஆற்றிவிடும்.

பெட்டி மாற்றிய வண்டியில் முதல் இரு கிழமைக்குப் பாதிச் சுமையே ஏற்றுக. ஆயிரங் கிலோமீற்றர் ஓடியபின் தொட்டியை ஒருமுறை இறக்கி, காந்தத்திற் படிந்ததைப் பார்த்துத் துடைத்து, புதிய எண்ணெய் இடுக. சுமைவண்டிக்கு அதன்பின் 40,000 கிலோமீற்றருக்கு ஒருமுறை எண்ணெய் மாற்றினாற் போதுமானது. மாற்றிய நாளையும், ஓடிய தூரத்தையும், ஊற்றிய எண்ணெயின் வகையையும் ஒரு சிறு கொப்பியில் எழுதி வண்டியிலேயே வைத்திருக்க. வண்டியை விற்கும் காலத்தில் அக்கொப்பிக்கும் ஒரு விலை உண்டு.